வண்டி திருப்ப இடம் உள்ளே இருந்தது

மேற்கு வர்ஜீனியா மலைக்குள் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கேட்டுக்கு முன்னால் நான் மாட்டிக்கொண்டு நின்ற அந்தப் பகலைப் பற்றி வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. "லோடு கேன்சல்" என்று மட்டும் சொன்னேன். மனைவி நம்பிவிட்டாள். நான் பயந்து போய் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் எப்போதுமே பயந்துதான் இருப்பேன். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் பூட்டு கழன்றிருக்குமோ என்று இன்னொரு முறை பூட்டுவேன். அப்படிப்பட்ட ஆளின் முகத்தில் புதுப் பயத்தை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். நாமக்கல்லில் லாரியில் ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டு, பாதி இந்தியாவைப் பார்த்தாயிற்று. நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தியைக் கட்டிக்கொண்டதில் அவளோடு சேர்ந்து எனக்கும் கிரீன் கார்டு வந்தது. நியூ ஜெர்சியில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நான் டிரக் ஓட்டுகிறேன். லைசென்ஸுக்குத் தேவையான இங்கிலீஷ் இருக்கிறது. அதற்கு மேல் போனால் நாக்கு கட்டிக்கொள்ளும்.

அந்த லோடு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் மனைவி ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கிற இந்தியக் கடையிலிருந்து ஒரு மாலை வாங்கி வந்தாள். கறுப்பு மணி. விரல் நுனி அளவு.

"இதக் கழுத்துல போட்டுக்கிடுங்க. நெகட்டிவ் எனர்ஜி அண்டாது. ராத்திரி முழிச்சு முழிச்சுக் கேஸ் அடுப்பப் பாக்கியதும் நிக்கும்."

"என்ன மணி இது?"

"கருங்காலி. ஊர்ல எல்லாவனும் போட்டிருக்கான், தெரியாதா?"

அவளுக்கு அது மரத்தின் பெயர். எனக்கு அது என் அப்பாவின் பெயர்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் இருந்தார். ஸ்டிரைக் நடந்தபோது ஒரு நாள் பின்கேட் வழியாக உள்ளே போய்விட்டு வந்தார். விட்டுவந்த செருப்பை எடுக்கப் போனேன் என்றார். செருப்போடுதான் வெளியே வந்தார். ஆனால் ஸ்டிரைக் நாளில் உள்ளே போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பெயர்தான். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரர் தன் ஆளிடம், "கருங்காலி வீட்டுக்கு அரை லிட்டர் ஊத்திட்டியா?" என்று கேட்பார். திட்டுவதற்காக அல்ல, அடையாளத்துக்காக. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் பின் பெஞ்சிலிருந்து, "கருங்காலி மவன் வந்திருக்கானுங்க சார்" என்று குரல் வரும். ஒரு நாள் நான் போகவில்லை. அப்புறம் எப்போதுமே போகவில்லை. அப்பா சாகும் வரை அந்தச் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே எதற்குப் போனார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. கழுத்து அரிக்கிறது என்றேன்.

"அரிக்கா? அப்ப மணி வேல செய்யுது" என்றாள்.

சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டேன்.

லோடு கொடுத்தது பக்கத்து ஊரான எடிசனில் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிற மதுரைக்காரத் தம்பி.

"அண்ணே, கட்டில் மெத்தை லோடு. மேற்கு வர்ஜீனியா. மலைக்குள்ள ஏதோ லாட்ஜு கட்டுறாய்ங்களாம்."

"மலை ரோடுங்களா தம்பி?"

"கொல்லிமலை ஏறுன ஆளு நீங்க. இதெல்லாம் ஒரு மலையாண்ணே?"

"கொல்லிமலைல வளைவுக்கு நம்பர் எழுதி வெச்சிருப்பாங்க. எத்தன பாக்கின்னு தெரியும்ல?"

"நீங்க எண்ணிக்கிட்டே போங்கண்ணே. வந்து எனக்குச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

பெரிய சாலையை விட்டு இறங்கியதும் மலைகள் இரண்டு பக்கமும் கிட்டே வந்தன. மூடுபனி இறங்கியிருந்தது. முற்பகல்தான், ஆனால் வெளிச்சம் சாயங்காலம் மாதிரி. வழியில் ஒரு ஊர். கடைகளுக்குப் பலகை அடித்திருந்தது. வீட்டு முன்புறப் புல்லில் எல்லாம் ஒரே மாதிரி அட்டை நட்டிருந்தார்கள். தேர்தலாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஊரைத் தாண்டியதும் போனில் சிக்னல் போயிற்று.

ஏற்றம் தொடங்கியதும் பின்னால் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரும்புக் கட்டில்கள். கயிறு போட்டு இறுக்கித்தான் இருந்தது, நானே இழுத்துப் பார்த்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கிரீச். தூக்கம் வராதவன் புரண்டு படுக்கிறபோது கட்டில் கிரீச்சிடுமே, அது மாதிரி. ஒருவன் புரண்டால் அடுத்தவனும் புரள்வது மாதிரி, வரிசையாக. ரேடியோவைப் போட்டேன். வெறும் இரைச்சல். அணைத்துவிட்டேன்.

பாலத்தைத் தாண்டி ஒரு வளைவில் அந்த மரம் நின்றது. பட்டுப்போன மரம். கிளை முழுக்கச் சிவப்புத் துணிகள்.

நம் ஊர் டிரைவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பிரேக்கைத்தான் மிதிப்பான். மலையேறும் முன் ஒரு காவல் தெய்வம், அதன் மரத்தில் வேண்டுதல் துணி. இந்த நாட்டில் அது இருக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. முன்னும் பின்னும் வண்டி எதுவும் இல்லை. இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாருடைய சாமியோ, பத்திரமாக ஏற்றி இறக்கு என்று வேண்டிக்கொண்டேன்.

கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் துணிகளைச் சரியாகப் பார்த்தேன். அவை கிளையில் கட்டப்பட்டவை அல்ல. கழுத்தில் கட்டிக்கொள்கிற மாதிரி வட்டமாக முடிச்சுப் போட்டு, அந்த வட்டத்தைக் கிளையில் மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் கழுத்து நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கழுத்து மட்டும் இல்லை. காற்று இல்லாததால் எதுவும் அசையவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

சாலை குறுகிக்கொண்டே போனது. இடது கைப்பக்கம் மலைச்சுவர். வலது பக்கம் தகரத் தடுப்பு கொஞ்ச தூரம் இருக்கும், கொஞ்ச தூரம் இருக்காது. அதற்குக் கீழே ஓடை. பனிக்குள் ஓடை தெரியவில்லை, சத்தம் மட்டும். அரை மைல் தூரம் அப்படி ஏறிய பிறகு சாலை ஒரு கம்பி கேட்டில் முடிந்தது.

கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு இரும்பு டிரம்மில் தீ. ஆணும் பெண்ணுமாகக் கொஞ்சம் பேர், எல்லோரும் பட்டாளத்து உடுப்பு மாதிரி இலைதழை நிறத்தில் ஒரே மாதிரி பனியன். கையில் ஊருக்குள் பார்த்த அதே அட்டை. என் வண்டியைக் கண்டதும் எழுந்து சாலையின் குறுக்கே வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சும்மா வந்து நின்றார்கள். கேட்டுக்கு உள்ளே கறுப்பு உடுப்பில் ஒரு காவலாள், தோள் மேல் கேமராவை வைத்து அவர்களையும் என்னையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஸ்டிரைக்.

இன்ஜினை அணைத்தேன்.

நரைத்த தலைமுடியும் ஆம்பிளை பூட்ஸுமாக ஒரு பெண் என் கதவுப் பக்கம் வந்தாள். என் வயது இருக்கும். அந்த மலைக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் வேறு. வார்த்தைகளை இழுத்து இழுத்து, கடைசியை விழுங்கிவிடுகிறார்கள். என்ன லோடு என்று கேட்கிறாள் என்று மட்டும் புரிந்தது.

"பெட்ஸ்" என்றேன். "லாட்ஜ்."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "பெட்ஸ்" என்றாள். பக்கத்தில் இருந்தவன் அடுத்தவனிடம், "பெட்ஸ்." அந்தச் சொல் அந்த வரிசையில் மெதுவாக, சத்தமில்லாமல் கடைசி ஆள் வரைக்கும் போயிற்று.

நான் போனை எடுத்தேன். என் மகள், இங்கேயே பிறந்தவள், சிக்னல் இல்லாவிட்டாலும் தமிழையும் இங்கிலீஷையும் மாற்றிச் சொல்கிற ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். "அப்பா, ஜஸ்ட் டாக் டு இட். டோன்ட் பேனிக்" என்பாள். அதை நான் அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் பேசினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற தோரணையில், சுத்தத் தமிழில் சொன்னது:

"இங்கு விடுதி இல்லை. உங்கள் படுக்கைகளில் எங்கள் வேலையைச் செய்பவர்கள் உறங்குவார்கள்."

வேலைநிறுத்தக்காரர்கள் கேட்டில் மறிப்பதால் வெளியூர் ஆட்களை உள்ளேயே தங்கவைத்துச் சுரங்கத்தை ஓட்டப் போகிறார்கள். அதற்குத்தான் இந்தக் கட்டில்கள். நான் இறங்கி நின்றேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்று போனில் சொன்னேன். அது இங்கிலீஷில் சொன்னது. அவள் தலையாட்டினாள். பிறகு கீழே சாலையைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"நீங்கள் மரத்தின் முன் காலணியைக் கழற்றினீர்கள். எங்கள் ஆள் பார்த்தார். ஏன்?"

மரத்தடியில் யாரோ காவலுக்கு இருந்து, வாக்கி-டாக்கியில் மேலே சொல்லியிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. சாமி மரம் என்று நினைத்தேன் என்றேன். அவள் திரும்பி, கீழே மரம் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு போனைத் தன் வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லச் சொல்ல, அந்தச் செய்திக் குரல் எனக்குத் தமிழில் வாசித்தது. துக்கமும் இல்லை, கோபமும் இல்லை, வானிலை அறிக்கை போல:

"முன்னோர்கள் காலத்தில் வேலைநிறுத்தம். வீடுகள் நிறுவனத்தின் வீடுகள். எனவே அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மரத்தின் அருகில் கூடாரங்களில் வாழ்ந்தனர். ரயில் வந்தது. ரயிலில் விளக்குகள் இல்லை. ரயில் சுட்டது."

"ரயில் சுட்டதா?" என்று கேட்டேன்.

"ரயிலில் துப்பாக்கி இயந்திரம் இருந்தது. பிறகு ஆண்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி மலை மேல் நடந்தனர். துணியால் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். திரும்பாதவர்களின் துணி மரத்தில் உள்ளது. பழையது மக்கினால் நாங்கள் புதியது மாட்டுகிறோம்."

இந்த முறையும் அடிதடி இல்லாமல் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரிய ஆள், கதவு நிலையளவு உயரம், ஒரு காலைச் சாய்த்து நின்றான். உள்ளே போன ஒரு பிக்கப் வண்டி அவனை இடித்துவிட்டு நிற்காமல் போனதாம். யார் வீட்டு ஜன்னலிலோ துப்பாக்கிக் குண்டும் பாய்ந்திருக்கிறது.

நான் போகிறேன், உள்ளே வரவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் சாலையைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று அடி டிரெய்லர். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம். வண்டி திருப்ப இடமே இல்லை. இடம் கேட்டுக்கு உள்ளே இருந்தது. கல் கொட்டி நிரவிய பெரிய திடல், கம்பிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

காவலாளுக்கு என் யோசனை புரிந்துவிட்டது. அவன் இங்கிலீஷ் எனக்குத் தெளிவாகவே புரிந்தது. லோடை இறக்கவே வேண்டாம், உள்ளே வா, ஒரு வட்டம் அடி, திருப்பிக்கொண்டு வெளியே போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றான். கேட்டையும் திறந்துவிட்டான். பேசுகிறபோது கேமராவை இறக்கவில்லை.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். திருப்புவதற்கு மட்டும்தானே என்று போனில் கேட்டேன்.

"சக்கரம் கடந்தால் கடந்ததே" என்றது போன்.

செருப்பு எடுக்க மட்டும்தான் போனேன் என்று என் அப்பா வாசலில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் குரல் எப்படி இருக்கும் என்பதையே பல வருஷமாக மறந்துவிட்டிருந்தேன். எனக்குள் என்ன நடந்ததென்றால், உள்ளே போகக் கூடாது என்ற பயமும் பின்னாலேயே ரிவர்ஸில் இறக்கினால் ஓடைக்குள் போய்விடுவேன் என்ற பயமும் ஒரே கனத்தில் நின்றன. ஒன்றை விட இன்னொன்று பெரிசாக இருந்தால் மனுசன் தப்பித்துவிடுவான். சமமாக இருந்தால் நடுவில் நின்று சாக வேண்டியதுதான். கை தன்னால் சட்டைக்குள் போய் மாலையைப் பிடித்து இழுத்தது. மணிகள் வெளியே வந்து விழுந்தன.

அந்தப் பெண்ணின் பார்வை அதன் மேல் போயிற்று. குனிந்து பார்த்தாள். "கோல்?" என்றாள்.

நிலக்கரியில் மணி கோத்துப் போட்டிருக்கிறேனோ என்று கேட்கிறாள். கறுப்பு, பளபளப்பு. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இல்லை, மரம் என்று சொல்ல வேண்டும். அந்த மரத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பதற்றத்தில் போனை வாயருகே வைத்து, "கருங்காலிங்க இது, என்னோட பாதுகாப்புக்கு" என்றேன்.

போன் உரக்கச் சொன்னது: "ஸ்ட்ரைக் பிரேக்கர். ஃபார் மை ப்ரொடெக்‌ஷன்."

அந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. அந்த போனுக்குள் இருக்கிறவளுக்கு எங்கள் பால்காரர்தான் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

டிரம்மில் தீ பொரிகிற சத்தம் மட்டும். பெரிய ஆள் ஓர் அடி முன்னால் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். நான் வண்டியின் படியில் முதுகை ஒட்டிக்கொண்டேன். காவலாள் உள்ளேயிருந்து, "கம் ஆன் இன், மேன்!" என்று கூப்பிட்டான். உள்ளே போனால் உயிருக்குப் பயமில்லை. திறந்த கேட் அங்கே இருந்தது.

"நோ, நோ" என்றேன். "ட்ரீ. நேம் ஆஃப் ட்ரீ." அவர்கள் நாற்காலி ஓரத்தில் அடுக்கியிருந்த விறகைக் காட்டினேன். "வுட்!"

அந்தப் பெண் கையை நீட்டினாள். மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மணியை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். கறை ஒட்டவில்லை. பல்லில் வைத்துக் கடித்தாள். பிறகு மற்றவர்களிடம் தன் வெறும் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். பெரிய ஆள் நின்றான்.

ஏன் ஒரு மரத்துக்கு அந்தப் பெயர் என்று கேட்டாள். போனை நான் பையில் போட்டுவிட்டேன். அதை நம்பி இன்னொரு வாக்கியம் பேச எனக்குத் தைரியம் இல்லை. இருக்கிற இங்கிலீஷில் சொன்னேன். "மை ஃபாதர். மில். ஸ்டிரைக். ஒன் டே, கோ இன்சைட். ஃபார் ஸ்லிப்பர்." என் காலைத் தொட்டுக் காட்டினேன். "ஆல் லைஃப், திஸ் நேம்." மாலையைக் காட்டினேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

அந்தப் பெண் என் தோளைத் தொட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டினாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. சரிவில் தனியாக ஒரு வீடு. மற்ற வீடுகளிலிருந்து அங்கே போகப் பாதை இல்லை, புல் மண்டியிருந்தது. அவள் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ரயில் வந்த அந்த வருஷம், அந்த வீட்டில் ஒருவன் உள்ளே போனான். இப்போது இருப்பது அவன் வம்சம். அவர்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடுவதில்லை.

"ஸ்டில்?" என்றேன்.

"ஸ்டில்" என்றாள். மாலையை என் கையில் திருப்பி வைத்தாள்.

அந்த வீட்டு முன் தாழ்வாரத்தில் ஒரு மனிதன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் அவன் கையைத் தூக்கினான். வாவென்றா, போவென்றா, சும்மா கண்டதற்கா, தெரியவில்லை. இங்கே யாரும் பதிலுக்குக் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. பனி மறுபடி மூடிக்கொண்டது.

"பேக்" என்றேன். "ஐ கோ பேக்."

பெரிய ஆள்தான் வழிகாட்ட வந்தான். கீழே பாலத்துக்கு முன்னால், மரத்துக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அதன் முன் மண் திடலில் திருப்பலாம் என்று கையாலேயே வரைந்து காட்டினான். மற்றவர்கள் கேட்டை விட்டு வர முடியாது. காவலாள் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ரிவர்ஸில் டிரெய்லர் இறக்குவது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கம் இடது போக ஸ்டியரிங்கை வலது திருப்ப வேண்டும். இந்த நாட்டில் டிரைவர் சீட் இடது பக்கம், அதனால் இடது கண்ணாடிதான் உயிர். வலது பக்கம் குருட்டுப் பக்கம். மலைச்சுவர் என் இடது பக்கம் இருந்தது. அவன் அந்தச் சுவரை ஒட்டி, கண்ணாடியில் எனக்குத் தெரிகிற மாதிரி நொண்டிக்கொண்டு நடந்தான். ஓடை குருட்டுப் பக்கத்தில்.

கொஞ்ச தூரம் இறங்கியதும் வலது பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. டிரெய்லர் தகரத்தில் உள்ளங்கையால். தப், தப், தப், தப். எங்கள் ஊரில் கிளீனர் அப்படித்தான் பின்னால் நின்று தட்டுவான். விடாமல் தட்டினால் வரலாம் என்று அர்த்தம். ஒரே ஓர் அறை விழுந்தால் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அந்தப் பக்கத்துக்கும் ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இங்கேயும் தட்டுகிற பாஷை அதுவேதான் போல. அந்தச் சத்தத்தின் மேல் பாரத்தைப் போட்டு, இடது கண்ணாடியும் வலது காதுமாக இறக்கினேன். வளைவு வந்தால் தட்டல் நிதானமாகும். நேர் வந்தால் வேகமாகும். கட்டில்கள் கூடச் சத்தம் போடவில்லை.

பிறகு ஒரே அறை. தகரம் அதிர்ந்தது.

பிரேக்கை மிதித்தேன். இடது பக்கமாக இறங்கி, முன்னால் சுற்றி வலது பக்கம் போகப் பார்த்தேன். போக முடியவில்லை. கால் வைக்க இடமே இல்லை. வண்டியின் விளிம்போடு சாலை முடிந்திருந்தது. தடுப்பும் இல்லை. பின் சக்கரத்தின் வெளி டயர் பாதி அந்தரத்தில் நின்றது. அதன் கீழிருந்து மண் உதிர்ந்து, கொஞ்சம் தாமதமாக, தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. இன்னும் ஒரு கையகலம் வந்திருந்தால் நானும் கட்டில்களும் கீழே.

பெரிய ஆள் நொண்டிக்கொண்டு வந்து, ஏன் நின்றாய் என்று கேட்டான். நான் டயரைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"யுவர் மேன்," என்றேன். "குட் மேன். ஹி ஹிட். ஸ்டாப்."

அந்தப் பக்கம் யாரும் இல்லை, நான் ஒருவன்தான் வந்தேன் என்றான்.

இரண்டு பேரும் டிரெய்லரின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் அடியில் பனி. ஓடைச் சத்தம். நிற்பதற்கு ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட இடம் இல்லை.

வேறு என்ன செய்ய முடியும்? ஏறி, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கி, மறுபடி ரிவர்ஸ் போட்டேன். நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு மெதுவாகத் தொடங்கியது. தப், தப், தப். கேட்ட பிறகு அதற்குக் கட்டுப்படாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அது நில் என்றால் நின்றேன், வா என்றால் வந்தேன். இடது கண்ணாடியில் பார்த்தேன். பெரிய ஆளுக்கும் அது கேட்டுக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து வந்தான்.

சர்ச் திடலுக்குள் பின்பக்கம் நுழைந்ததும் தட்டல் நின்றது. வண்டியைத் திருப்பினேன். பெரிய ஆள் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். கையை ஒரு முறை உயர்த்திவிட்டு மலையேறத் தொடங்கினான். சாலையின் நடுவில் கூட நடக்கவில்லை. சுவரை ஒட்டியே போனான்.

பலகை அடித்த அந்த ஊரை எட்டியதும் சிக்னல் வந்தது. போன் உடனே அடித்தது. மதுரைத் தம்பி.

"என்னண்ணே, உள்ள போகாமத் திரும்பிட்டீகளாம்? கம்பெனிக்காரய்ங்க ஓனருக்கு வீடியோவே அனுப்பிட்டாய்ங்க. மனுசன் கொதிச்சுப் போய்க் கெடக்காரு. வண்டிய இங்கிட்டுக் கொண்டாந்து விட்டுட்டு நீங்க வேற எடம் பாருங்கன்னுட்டாரு. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்."

"செரிங்க தம்பி."

"என்ன செரி? ஸ்டிரைக்குன்னு எனக்கும் தெரியாதுண்ணே, சத்தியமா. சரி, லோட எறக்க வேணாம். உள்ள போயிச் சும்மா ஒரு ரவுண்டு அடிச்சித் திருப்பிட்டாச்சும் வந்திருக்கலாம்ல? ரிவர்ஸுல எறங்குனீகளாமே, செத்துக்கித்துப் போயிருந்தா? அந்தக் காட்டுக்குள்ள யாருண்ணே பாக்கப் போறா?"

நான் வலது பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பாத்தாங்க தம்பி" என்றேன்.

"யாரு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.